செதிலைப் படித்த விஞ்ஞானி சுந்தர்லால் ஹோரா



இந்தச் சுவர்ப் பத்திரிகையில நாம காமராசர், அப்துல் கலாம், சர் சி.வி. ராமன்னு நிறையப் பேரோட வரலாறு படிச்சிருக்கோம். இந்தத் தடவை நான் எழுதப்போறவர் பேரு சுந்தர்லால் ஹோரா. மீனைப் பத்திப் படிக்கிறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு. ஆனா மீன் பிடிக்கிற ஊருல இருக்கிற நமக்கு அவரைத் தெரியாது. எனக்கும் போன மாசம் வரைக்கும் தெரியாது.

அவரை எனக்குத் தெரிய வச்சது நான் செஞ்ச ஒரு தப்பு. அதை முதல்ல சொல்லிடுறேன்.

நான் செஞ்ச தப்பு

அறிவியல் கண்காட்சிக்கு என்ன செய்யலாம்னு யோசிச்சப்போ, நம்ம ஊரு மீனோட செதிலை எல்லாம் சேர்த்து ஒரு சார்ட் செய்யலாம்னு எனக்குத் தோணிச்சு. செதிலுக்கு நம்ம இனயத்துல பஞ்சமா? அம்மா மீன் வெட்டுற இடத்துல பொறுக்கினாலே போதும். சோப்புத் தண்ணியில கழுவி, துணியில ஒத்தி, பழைய நோட்டுக்குள்ள வச்சுக் காய வச்சேன். அப்புறம் சார்ட்டுல ஒட்டி, ஒவ்வொண்ணுக்கும் கீழ மீன் பேரு எழுதினேன். மொத்தம் 12 செதில்.

ராத்திரி அம்மா அதைப் பாத்தாங்க. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கத் தெரியும். நான் எழுதினதை அவங்க வாசிக்கல, செதிலை மட்டும்தான் பாத்தாங்க. நாலாவது செதிலையும் ஒன்பதாவது செதிலையும் தொட்டுக் காட்டி, ரெண்டும் ஒரே மீனுதானே, விளமீனுதானே, எதுக்கு ரெண்டு பேரு போட்டிருக்கன்னு கேட்டாங்க.

எனக்குக் கோபம் வந்துட்டு. ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. ஒண்ணுல நடுவுல குழாய் மாதிரி ஒரு ஓட்டை இருக்கு, இன்னொண்ணுல இல்ல. எப்படி ஒண்ணாகும்னு சண்டை போட்டேன். அம்மா ஒண்ணும் சொல்லல. மறுநாள் ஒரு விளமீனைக் கொண்டுவந்து, விலாவுல நடுக்கோட்டுல இருந்து ஒரு செதிலும், தொண்டைக்குக் கீழ இருந்து ஒரு செதிலும் பிடுங்கி என் கையில வச்சாங்க. அச்சு அசலா என் நாலாவதும் ஒன்பதாவதும்!

இதை அறிவியல் டீச்சர்கிட்டச் சொன்னப்போ அவங்க சிரிச்சிட்டு, இதே மாதிரி செதிலை வச்சு மீனைக் கண்டுபிடிச்ச ஒரு பெரிய விஞ்ஞானி நம்ம நாட்டுல இருந்தாரு, ஆனா அவரு பாத்த மீனு எல்லாம் கோடிக்கணக்கான வருசத்துக்கு முன்னாடி செத்துப்போனதுன்னு சொன்னாங்க. அவருதான் ஹோரா. அதுக்கப்புறம் டீச்சர் தந்த புத்தகத்துல இருந்தும், கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுல இருந்தும் எழுதினதுதான் இந்தக் கட்டுரை.

பிறப்பும் படிப்பும்

சுந்தர்லால் ஹோரா 1896-ஆம் ஆண்டு மே மாதம் பஞ்சாபில் ஹாஃபிசாபாத் என்ற ஊரில் பிறந்தார். அந்த ஊர் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. பள்ளிப் படிப்பு ஜலந்தரில். கல்லூரிப் படிப்பு லாகூரில். இந்த ஊருங்களை மேப்புல பாருங்க. ஒண்ணு பக்கத்துலயும் கடல் கிடையாது. கடலே இல்லாத ஊருல பிறந்த ஒருத்தர்தான் பின்னால இந்தியாவிலேயே பெரிய மீன் அறிஞர் ஆனாரு. கடலுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல ஒரு ரோடுதான் இருக்கு. எனக்கு இதை வாசிச்சப்போ கொஞ்சம் வெட்கமா இருந்துச்சு.

குரு கிடைத்தார்

1916-ஆம் ஆண்டு கல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆய்வகம் தொடங்கப்பட்டது. நம் நாட்டில் உள்ள உயிரினங்களை எல்லாம் தேடிக் கண்டுபிடித்து, பெயர் கொடுத்து, பட்டியல் போடுவதுதான் அதன் வேலை. அதன் முதல் இயக்குநர் நெல்சன் அனன்டேல் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அவர் 1919-இல் லாகூரில் ஹோரா படித்த கல்லூரிக்கு வந்தார். அங்கே இந்த 23 வயது இளைஞரைப் பார்த்துப் பேசி, கல்கத்தாவுக்கு வரும்படி அழைத்தார். ஹோராவும் போனார். அதன்பிறகு அவர் வாழ்க்கை முழுவதும் மீன்தான்.

1921-இல் ஆய்வகத்தின் மீன் பிரிவும், தவளை, பாம்பு முதலியவற்றின் பிரிவும் அவர் பொறுப்பில் வந்தன. அதே ஆண்டில் மணிப்பூர் மீன்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய கட்டுரை வெளிவந்தது. மீன்களை மட்டுமல்ல, அங்குள்ள மக்கள் எப்படி மீன் பிடிக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதினார். மீன் பிடிக்கிறவங்களுக்கு மீனைப் பத்தித் தெரியும்னு அவரு நம்பினாரு. எனக்கு அவரைப் பிடிச்சுப்போனதுக்கு இது முதல் காரணம்.

பாறையைப் பிடிக்கும் மீன்கள்

மலையில் இருந்து வேகமாக இறங்கும் ஓடையில் ஒரு கையளவுகூட இல்லாத சின்ன மீன்கள் வாழ்கின்றன. தண்ணீர் இழுத்துக்கொண்டு போகாமல் அவை எப்படி நிற்கின்றன? இதுதான் ஹோரா பல வருடம் ஆராய்ந்த கேள்வி. அந்த மீன்களின் வயிறு தட்டையாக இருக்கும். பக்கத்துத் துடுப்புகள் விசிறி போல விரிந்து பாறையோடு ஒட்டிக்கொள்ளும். சில மீன்களுக்கு ஒட்டிக்கொள்வதற்கென்றே தனி உறுப்பு உண்டு. இதைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை 1930-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது.

நம்ம தமிழ்நாட்டு ஆறு ஒண்ணுக்கும் அவரு பெருமை தந்திருக்காரு. 1920-இல் இப்படிப்பட்ட ஒரு மலை மீன் இனத்துக்கு பவானி ஆற்றின் பெயரால் பவானியா என்று பெயர் வைத்தார். அதில் ஒரு மீனுக்குத் தன் குருவின் பெயரைச் சேர்த்து அனன்டேலி என்று வைத்தார். 1941-இல் இன்னொரு இனத்துக்கு திராவன்கோரியா என்று பெயர் வைத்தார். அதாவது திருவிதாங்கூர் மீன். நம்ம கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூரோடதான் இருந்துச்சு. அப்போ அந்தப் பேருல நமக்கும் பங்கு உண்டுதானே!

செதில் என்றால் என்ன?

ஹோரா செய்த முக்கியமான வேலைக்கு வரும் முன்னால் செதிலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்விட்சர்லாந்தில் பிறந்த லூயி அகாசி என்பவர் 1833 முதல் 1843 வரை கல்லாகிப்போன மீன்களைப் பற்றிப் பெரிய புத்தகம் வெளியிட்டார். கல்லுக்குள் முழு மீன் கிடைப்பது அபூர்வம். செதில்தான் அதிகம் கிடைக்கும். அதனால் அவர் செதிலை வைத்தே மீன்களை நாலு வகையாகப் பிரித்தார். மீன்களை இன்று அப்படிப் பிரிப்பது இல்லை. ஆனாலும் செதில்களுக்கு அந்த நாலு வகைப் பெயரும் இன்றைக்கும் இருக்கிறது.

1. பல் போன்ற செதில். சுறாவுக்கு உள்ளது. சுறாத் தோலை வாலில் இருந்து தலைப்பக்கம் தடவினால் உப்புத்தாள் மாதிரி கையை அறுக்கும்.

2. பளிங்கு போல் மினுங்கும் கெட்டியான செதில். ஓடு பதித்தது போல் ஒன்றோடொன்று பொருந்தி இருக்கும். பழைய காலத்து மீன்களுக்கு நிறைய இருந்தது. இப்போது வெளிநாட்டு மீன்கள் சிலவற்றுக்கே உண்டு.

3. ஓரம் வழவழப்பான வட்டச் செதில். நம்ம சாளைக்கும், ஆற்றுக் கெண்டைக்கும் இதுதான். சாளைச் செதில் கை பட்டாலே உதிர்ந்துடும்.

4. ஓரத்தில் சீப்புப் பல் போல் இருக்கும் செதில். விளமீன், நவரை எல்லாம் இந்த வகை. விரலால் தடவினாலே சொரசொரப்புத் தெரியும்.

வாளைக்குச் செதிலே கிடையாது. சூரைக்கு உடம்பின் முன்பக்கம்தான் இருக்கும்.

செதிலை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு புள்ளி தெரியும். அதைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடுகள் போகும். மீன் வளர வளர செதிலின் எண்ணிக்கை கூடுவதில்லை. செதில்தான் பெரிதாகிறது, ஓரத்தில் புதுக் கோடு சேருகிறது. நடுப்புள்ளியில் இருந்து ஓரத்துக்கு ஓடும் ஆரக்கோடுகளும் உண்டு. அவை எத்தனை, எந்தப் பக்கம் போகின்றன, நடுப்புள்ளி எங்கே இருக்கிறது, ஓரத்தில் பல் உண்டா இல்லையா, இதையெல்லாம் பார்த்துத்தான் எந்தக் குடும்பத்து மீன் என்று சொல்ல வேண்டும்.

நான் ஏமாந்த அந்தக் குழாய்ச் செதில், மீனோட விலாவுல நீளமாப் போற நடுக்கோட்டுல உள்ளது. தண்ணியில ஏற்படுற அசைவை மீன் தெரிஞ்சுக்கிறது அந்த வழியாத்தான். ஒரே மீனுல தலைப்பக்கம் ஒரு மாதிரி, வால்பக்கம் ஒரு மாதிரி, வயித்துப்பக்கம் ஒரு மாதிரி செதில் இருக்கும். இன்னொண்ணும் உண்டு. செதில் பிய்ஞ்சுபோன இடத்துல புதுசா முளைக்கிற செதிலுல நடுவுல வளையம் இருக்காது. இதெல்லாம் தெரியாம பேரு வைக்கக் கூடாது. உயிரோட உள்ள மீனுக்கே இவ்வளவு குழப்பம்னா, கல்லுக்குள்ள இருக்கிற செதிலுக்கு எவ்வளவு இருக்கும்!

வேலை முடிந்த நேரத்தில் கல் பொறுக்கியவர்கள்

தொல்லுயிர் எச்சங்களை முதலில் கண்டுபிடித்தவர்கள் பெரும்பாலும் விஞ்ஞானிகள் இல்லை. வேறு வேலை பார்த்துக்கொண்டு, ஆசைக்காகக் கல் பொறுக்கியவர்கள்.

நம்ம தமிழ்நாட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 1840-களில் சென்னை அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்த கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி பக்கம் கிடைத்த கல்லான சங்கு, சிப்பி, மீன் எச்சங்களைச் சேர்த்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அதில் இருந்த மீன் எச்சங்களை பிலிப் எகெர்ட்டன் என்பவர் ஆராய்ந்து 1845-இல் எழுதினார். அதுல சுறாப் பல்லு நிறைய இருந்துச்சு. அரியலூர், பெரம்பலூர் பக்கம் எல்லாம் ஒரு காலத்துல கடலா இருந்துச்சுன்னு அந்தப் பல்லு சாட்சி சொல்லுது.

இன்னொருவர் ஸ்டீபன் ஹிஸ்லாப். 1845-இல் நாக்பூருக்கு வந்து பள்ளிக்கூடம் நடத்திய ஸ்காட்லாந்துக்காரர். ஓய்வு நேரத்தில் மாணவர்களுக்குப் பாடம் சொல்வது போலவே கல்லுக்கும் நேரம் ஒதுக்கினார். இலை, விதை, நத்தை, மீன் என்று நிறையச் சேர்த்தார். 1863-இல் மழைக்காலத்தில் ஆற்றைக் கடக்கும்போது வெள்ளத்தில் மூழ்கி இறந்துபோனார். 45 வருடம் கழித்து, 1908-இல், லண்டனில் ஸ்மித் உட்வர்ட் என்ற அறிஞர் நாக்பூருக்குத் தெற்கே டோங்கர்கான் என்ற இடத்தில் கிடைத்த ஒரு கல்மீனுக்கு ஹிஸ்லாப்பின் பெயரைச் சேர்த்து வைத்தார். ஆசைக்குக் கல் பொறுக்கின ஒரு வாத்தியார் பேரு இப்போ ஒரு மீனுக்கு இருக்கு.

கவனிச்சீங்களா? கிடைச்சது எல்லாம் இந்தியாவுல. ஆனா பேரு வச்சது எல்லாம் லண்டன்ல. ஏன்னா ஒப்பிட்டுப் பாக்கிறதுக்கு வேண்டிய மீனும், தெரிஞ்ச ஆளும் அங்கதான் இருந்தாங்க. இந்த நிலைமை மாறினதுலதான் ஹோராவோட பங்கு இருக்கு.

1938: எரிமலைக்கு நடுவில் கிடைத்த செதில்

தக்காணப் பீடபூமி எரிமலைக் குழம்பால் ஆனது என்று சமூக அறிவியலில் படித்திருக்கிறோம். குழம்பு ஒரே நாளில் வரவில்லை. ஒரு தடவை வழிந்து ஆறிப் பாறையாகும். அதன் மேல் மழை பெய்து குளம் உண்டாகும். செடி முளைக்கும், நத்தை வரும், மீன் வரும். ரொம்ப காலம் கழித்து அடுத்த குழம்பு வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். இப்படி அடுக்கு அடுக்காக இருக்கிறது. இரண்டு அடுக்குக்கு நடுவில் உள்ள அந்தப் பழைய குளத்துச் சேற்றில்தான் செதில்கள் கிடைத்தன.

நினைச்சுப் பாருங்க. நாம ஊதினா பறந்துபோற செதில்! அது மேல எரிமலைக் குழம்பே வந்து மூடியிருக்கு. ஆனா சேறு அதைப் பத்திரமா வச்சிருந்துச்சு. சுமார் 6 கோடியே 60 லட்சம் வருசம்.

அந்தக் காலத்து மத்திய மாகாணத்தில் தேவ்தான், கேரி என்ற இரண்டு இடங்களில் இப்படிக் கிடைத்த செதில்களை ஹோரா ஆராய்ந்தார். 1938-இல் இந்தியப் புவியியல் ஆய்வகத்தின் வெளியீட்டில் அவர் கட்டுரை வந்தது. அப்போது அவருக்கு 42 வயது.

அவர் எப்படி ஆராய்ந்தார்? உயிரோடு உள்ள மீன்களின் செதில்களை வைத்து. கல்லில் இருந்த செதிலையும் இன்றைய மீனின் செதிலையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இது சுலபம் மாதிரி தெரியும். ஆனா கல்லுல செதிலு முழுசா இருக்காது. பாதி உடைஞ்சிருக்கும். சில நேரம் செதிலே இருக்காது, அதோட அச்சு மட்டும் இருக்கும். உள்பக்கம் தெரியுதா வெளிப்பக்கம் தெரியுதான்னு முதல்ல கண்டுபிடிக்கணும். மீனோட எந்த இடத்துச் செதில்னு யோசிக்கணும். ஆயிரக்கணக்கான மீனைக் கையில எடுத்துப் பாத்தவருக்குத்தான் அது முடியும். இருபது வருசமா ஓடை ஓடையா அலைஞ்சு மீன் பாத்த ஹோராவுக்கு அது முடிஞ்சுது.

இதனால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் காலத்தில் ஒரு பெரிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. தக்காண எரிமலை வெடித்தது டைனோசர் காலத்திலா, அதற்குப் பிறகா? இன்று போலக் கல்லின் வயதை நேரடியாகக் கணக்கிடும் வசதி அப்போது இல்லை. அதனால் கல்லுக்குள் இருந்த செடி, நத்தை, மீன் இவைதான் சாட்சிகள். தொல்தாவர அறிஞர் பீர்பால் சாஹ்னி செடிகளை வைத்து, டைனோசர் காலத்துக்குப் பிறகுதான் என்று வாதாடினார். செதிலும் அந்த வழக்கில் ஒரு சாட்சி. தப்பான பெயர் சொன்னால் சாட்சி பொய்யாகிவிடும். பின்னால் கல்லின் வயதைக் கணக்கிட்டபோது, டைனோசர்கள் அழிந்த அந்தச் சமயத்தை ஒட்டித்தான் எரிமலை வெடித்தது என்று தெரிந்தது. ரெண்டு பக்கத்தாரும் ரொம்பத் தூரத்துல இல்ல, எல்லைக்கோட்டுக்குப் பக்கத்துலதான் நின்னு சண்டை போட்டிருக்காங்க.

ஒரு ஆச்சரியமும் உண்டு. இந்தத் தக்காணக் குளங்களில் கிடைத்த செதில்களில் அரோவானா குடும்பத்துச் செதில்களும் இருக்கின்றன. அரோவானா தெரியும்தானே, அலங்கார மீன் கடையில பெரிய கண்ணாடித் தொட்டியில தனியா நீந்துமே, அதுதான். அந்தச் செதிலில் சின்னச் சின்னக் கட்டம் கட்டமாகத் தரையில் ஓடு பதித்தது போல் இருக்கும். அதனால் உடைந்த துண்டு கிடைத்தாலும் அடையாளம் தெரியும். இன்று இந்திய ஆறுகளில் அரோவானா இயற்கையாக இல்லை. ஆனால் ஒரு காலத்தில் அதன் சொந்தக்காரர்கள் நம் நாட்டுக் குளத்தில் நீந்தினார்கள் என்று ஒரு செதில் சொல்கிறது.

சாத்பூராப் பாலம்

ஹோராவின் பெயரை உலகம் முழுவதும் கொண்டுபோனது இன்னொரு கருத்து. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள சில மீன்களுக்கும், ரொம்ப தூரத்தில் மலேசியா பக்கம் உள்ள மீன்களுக்கும் நெருங்கிய ஒற்றுமை உண்டு. நடுவில் உள்ள சமவெளியில் அவை இல்லை. மலை ஓடையில் மட்டும் வாழும் மீன் சமவெளியைத் தாண்டி எப்படி இங்கே வந்தது? முன்காலத்தில் மத்திய இந்தியாவின் சாத்பூரா மலை ஒரு பாலம் போல் இருந்தது, மீன்கள் ஓடை ஓடையாக அந்த வழியில்தான் வந்தன என்று ஹோரா 1944 முதல் எழுதினார். 1949-இல் இதற்காகவே அறிஞர்கள் கூடி ஒரு கருத்தரங்கம் நடத்தினார்கள்.

இன்று மரபணுவை ஆராய்கிறவர்கள், எல்லா மீனும் ஒரே வழியில் ஒரே காலத்தில் வரவில்லை, ஹோராவின் கருத்து எல்லாவற்றுக்கும் பொருந்தவில்லை என்று சொல்கிறார்கள். இதை வாசிச்சதும் எனக்கு வருத்தமா இருந்துச்சு. டீச்சர்கிட்ட, அப்போ ஹோரா தோத்துட்டாரான்னு கேட்டேன். இல்ல, அவரு என்னென்ன பாத்தாரோ அதையெல்லாம் தெளிவா எழுதி வச்சதுனாலதான் மத்தவங்களால சரிபாக்க முடிஞ்சுதுன்னு சொன்னாங்க. சரிபார்க்க முடியாதபடி சொல்லுறதுதான் அறிவியல்ல தோல்வியாம்.

கடைசிக் காலம்

இரண்டாம் உலகப்போரின்போது 1942-இல் விலங்கியல் ஆய்வகம் கல்கத்தாவில் இருந்து வாரணாசிக்கு மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டே அங்கே வருணை ஆற்றில் வெள்ளம் வந்து, சேர்த்து வைத்திருந்த உயிரின மாதிரிகள் பல கெட்டுப்போயின. 1947-இல், நாடு சுதந்திரம் அடைந்த அதே ஆண்டில், ஆய்வகத்தின் தலைமைப் பொறுப்பு ஹோராவிடம் வந்தது. அவர் பிறந்த ஊர் வேறு நாடாகப் போனதும் அந்த ஆண்டில்தான்.

அவருக்குப் பழைய நூல்களிலும் ஆசை இருந்தது. 12-ஆம் நூற்றாண்டில் சோமேசுவர மன்னன் எழுதிய மானசோல்லாசம் என்ற வடமொழி நூலில் மீன்களைப் பற்றி உள்ள பகுதியை ஆராய்ந்து, அதில் சொன்னவை இன்றைய எந்த மீன்கள் என்று எழுதினார். அசோகர் தன் தூண் கல்வெட்டில் கொல்லக் கூடாது என்று சொன்ன மீன்களையும் ஆராய்ந்தார். கல்லுல உள்ள செதிலுக்கு மட்டும் இல்ல, கல்வெட்டுல உள்ள மீனுக்கும் பேரு கண்டுபிடிச்சிருக்காரு! நம்ம சங்கப் பாட்டுல அயிலை, சுறா, வரால் எல்லாம் வருதுன்னு தமிழ் ஐயா சொல்லியிருக்காங்க. அவரு தமிழ் படிச்சிருந்தா அதையும் விட்டிருக்க மாட்டாரு.

மீன் வளர்ப்பைப் பற்றியும் அவர் எழுதினார். டி.வி.ஆர். பிள்ளை என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய மீன் வளர்ப்புக் கையேட்டை, அவர் இறந்த பிறகு 1962-இல் உலக உணவு, வேளாண்மை நிறுவனம் வெளியிட்டது.

1955-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் சுந்தர்லால் ஹோரா காலமானார். அவருக்கு வயது 59.

நாம் கற்றுக்கொள்ள வேண்டியது

நம்ம ஊரு பக்கத்துப் பாறை எல்லாம் ரொம்பப் பழசு. பூமிக்குள்ள கடும் சூட்டுல உண்டானது. அதுக்குள்ள மீன் செதில் கிடைக்காது. ஆனா அரியலூருலயும், கேரளாவுல கொல்லம் பக்கத்துல படப்பக்கரையிலயும் கல்லான உயிரின எச்சங்கள் கிடைக்குது. நீங்க எங்கயாவது டூர் போகும்போது அப்படி ஒரு கல்லைப் பாத்தா, உடனே உடைக்காதீங்க. பக்கத்துல ஒரு ஒத்தை ரூபா வச்சுப் போட்டோ எடுங்க, அளவு தெரியும். எந்த ஊரு, எந்த இடம், எந்த அடுக்குன்னு எழுதி வையுங்க. இடம் எழுதாத கல்லு ஊமைச் சாட்சி. டீச்சர்கிட்டயோ மியூசியத்துலயோ காட்டுங்க. தெரிஞ்சதை மட்டும் தெரியும்னு சொல்லுங்க. மீனோட குடும்பம் வரைக்கும்தான் சொல்ல முடியும்னா அதோட நிறுத்திக்கணும். எந்த மீன்னு அடிச்சுச் சொல்லக் கூடாது. நான் 12 செதிலுக்கும் அடிச்சு எழுதினேன். அதுல ஒண்ணு பொய்யாப் போச்சு.

கடைசியா ஒண்ணு. நாம இனயத்துப் பிள்ளைங்கன்னு சொல்லும்போது, சில இடத்துல மீன் நாத்தம்னு மூக்கைப் பொத்துறவங்களைப் பாத்திருப்பீங்க. நானும் பாத்திருக்கேன். கையில செதில் ஒட்டியிருந்தா நான் அவசரமாத் துடைச்சிடுவேன். அம்மா என்னைக் கூப்பிட வரும்போது, கொஞ்சம் தள்ளி நில்லுங்கன்னு ஒரு தடவை சொல்லியிருக்கேன். அதை இங்க எழுதணும்னு தோணிச்சு, எழுதிட்டேன்.

ஹோரா செதிலைப் படிச்சாரு. ஏன்னா அவருக்கு முதல்ல உயிரோட உள்ள மீனைத் தெரியும். அந்தப் பாதி அறிவு, உயிரோட உள்ள மீனைத் தொட்டுத் தெரிஞ்சுக்கிற அறிவு, எங்க அம்மாகிட்ட இருக்கு. உங்க அம்மா, பாட்டிகிட்டயும் இருக்கு. மறுபாதி புத்தகத்துல இருக்கு. ரெண்டையும் சேர்க்கிற வேலை நம்மளோடது.

என் சார்ட் இப்போ கண்காட்சி அறையில தொங்குது. அதுல 11 மீன் பேருதான் இருக்கு. விளமீனுக்கு நேரா மட்டும் ரெண்டு செதில் ஒட்டி, ஒண்ணு விலாவுல உள்ளது, ஒண்ணு தொண்டையில உள்ளதுன்னு எழுதியிருக்கேன். கீழ ஒரு மூலையில, சரிபார்த்தவர்னு போட்டு அம்மா பேரையும் எழுதியிருக்கேன். அம்மா அதை எழுத்துக் கூட்டி வாசிச்சாங்க.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி, இனயம்